பெரியவள் ஓட்டாத முதல் ரயில்

புதுப் பாலத்தின் மேல் முதல் ரயிலை ஓட்டப்போவது பெரியவள்தான் என்று முடிவாகி ஒரு வாரம் ஆகிறது. அந்த ஒரு வாரத்தில் அம்மா அதைச் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. பால் கொண்டுவருகிறவருக்குத் தெரியும். மருந்துக் கடைக்காரருக்குத் தெரியும். தப்பான எண்ணுக்குப் போன் செய்த யாரோ ஒருவரிடம்கூட, "ராங் நம்பர்தான், இருந்தாலும் ஒரு விஷயம் கேளுங்க" என்று ஆரம்பித்துவிட்டாள்.

அம்மா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்க வேண்டும் என்று பழகிய குரல். அவள் ரகசியம் பேசினால் பக்கத்துத் தெருவில் இருப்பவர்கள் கருத்துச் சொல்வார்கள்.

இன்று அந்த நாள். ரயில் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. பெரியவள் சீருடையோடு தம்பியின் முடி திருத்தும் கடையில் உட்கார்ந்திருந்தாள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வெளியே போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன.

"பேப்பர்ல போட்டோ வரும். இந்தக் கொண்டையோட நீ போய் நின்னா என் கடை மானம் கப்பலேறிடும். தொப்பியக் கழட்டு," என்றான் சின்னவன்.

"கொண்டை நல்லாத்தான் இருக்கு. மேலாப்ல சீவி விடு, போதும்."

"நான் முடி வெட்டறவன்க்கா. சுவருக்கு வெள்ளையடிக்கறவன் இல்ல."

பெரியவளின் போன் அடித்தது. அம்மா.

"என்ன?" என்றது போன்.

"பச்சை," என்றாள் பெரியவள்.

"பச்சை," என்றது போன். வைத்துவிட்டது.

இது இந்த வீட்டு வழக்கம். ரயில் எஞ்சினில் இரண்டு பேர் இருப்பார்கள். சிக்னல் கண்ணில் பட்டதும் ஒருவர் அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் தானும் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். பயிற்சிக் காலத்தில் பெரியவள் அம்மாவை எதிரில் உட்கார வைத்துச் சொல்லிப் பழகினாள். பயிற்சி முடிந்தது, பழக்கம் தங்கிவிட்டது. எப்படி இருக்கிறாய் என்று இந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்பதில்லை. பச்சை, பச்சை. பேச்சு முடிந்தது. அம்மா இதையும் ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள்.

சின்னவன் ஊசிகளைக் கழற்றினான். கொண்டை அவிழவில்லை.

இன்னும் இரண்டு ஊசிகள் வந்தன. முடி சரிந்து விழ வேண்டும், விழவில்லை. விரலை உள்ளே விட்டுப் பார்த்தான். மேலே படிய வாரிய ஒரு அடுக்கு. அதற்கு அடியில், கழுத்துக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்குச் சிக்கு. கம்பளித் துணி போல இறுகி, தோலோடு ஒட்டிப் போயிருந்தது. ஒரு வாரத்தில் வருகிற சிக்கு இல்லை அது. ஒரு மாதத்திலும் வராது.

சின்னவனுக்குக் கடையில் 'ரேடியோ' என்று பெயர். அந்த ரேடியோ பேசாமல் நின்றது.

"என்னடா, கரண்டு போயிடுச்சா?" என்றாள் பெரியவள். கண்ணாடியைப் பார்க்காமல்தான் கேட்டாள்.

போன வருடம் முடி திருத்துவோர் சங்கத்தில் அரை நாள் வகுப்பு ஒன்று வைத்தார்கள். பேச வந்தவர் ஒரு நர்ஸ். தலையில் கட்டி தென்பட்டால், அடிபட்ட காயம் தென்பட்டால், சீவாத முடி இப்படி இறுகிக் கிடந்தால் கண்டும் காணாமல் விடாதீர்கள் என்றார். "கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருங்க." முதல் பாதி சுலபம், இரண்டாவது பாதிக்கு மாத்திரை ஏதாவது இருக்கிறதா என்று சின்னவன் எழுந்து நின்று கேட்டான். சங்கமே சிரித்தது.

"அக்கா, தலை சீவி எவ்ளோ நாளாச்சு?"

"நேரம் எங்கடா இருக்கு?"

அவன் சீப்பை எடுக்கவில்லை. முக்காலியை இழுத்து அவள் எதிரில் போட்டு உட்கார்ந்தான். வாயை மூடிக்கொண்டிருந்தான். அதைவிடக் கஷ்டமான வேலையை அவன் அந்த வருடம் செய்யவில்லை.

"கை மேல போக மாட்டேங்குதுடா," என்றாள் பெரியவள் கடைசியில். "சீப்பை எடுத்துடறேன். எடுத்து மடியில வெச்சுக்கறேன். அதுக்கு மேல கை வர மாட்டேங்குது. சிரிப்பா இல்ல? ஆயிரம் பேரை இழுத்துக்கிட்டுப் போறவளுக்கு ஒரு சீப்பைத் தூக்க முடியல."

"தூங்கறியா?"

"விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே முழிப்பு வந்துடுது. எழுந்திரிக்கவும் மனசு வராது. கூரையப் பாத்துக்கிட்டுக் கெடப்பேன். சாப்பாடு காகிதத்த மெல்ற மாதிரி இருக்கு. அன்னைக்குக் கடையில ரெண்டு சட்டையக் காட்டி எது வேணும்னாங்க. எதுன்னு சொல்லத் தெரியல. வெளிய வந்துட்டேன்."

"நீச்சலுக்குப் போறத நிறுத்தினியே?"

"தோள்பட்டை வலின்னு சொன்னேன். வலியெல்லாம் ஒண்ணும் இல்ல."

"எப்பத்துல இருந்து?"

"மழைக்காலத்துல இருந்து."

மழைக்காலம் முடிந்து எத்தனை முறை அவள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருப்பாள் என்று சின்னவன் யோசித்துப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் அவள் சொன்ன ஜோக்குகள்தான் நினைவுக்கு வந்தன. சாப்பிட்டாளா என்று நினைவில்லை.

"ஆனா இது அது இல்லடா," என்றாள் அவள் அவசரமாக. "மனச்சோர்வுன்னு சொல்றாங்களே, அது எனக்கு இல்ல. நானே யோசிச்சுட்டேன். அது இருந்தா சந்தோஷமே வரக்கூடாதில்ல? எனக்கு வருதே! பாலத்துக்கு என் பேர் வந்தப்ப பிளாட்பாரத்துல குதிச்சேன். எஞ்சின்ல என்கூட வர்ற மீசையக் கேட்டுப் பாரு. நேத்து அம்மா கேக் வெட்டி என் வாயில அடைச்சப்ப வயிறு வலிக்கச் சிரிச்சேன். நடிக்கல. நிஜமாவே சிரிச்சேன். அப்புறம் பாத்ரூம் போய்த் தரையில உக்காந்தேன். எழுந்திரிக்க முடியல. சந்தோஷப்பட மட்டும் தெரியுது, தலை சீவத் தெரியலன்னா அதுக்குப் பேரு சோம்பேறித்தனம்தானே?"

சின்னவன் கொஞ்ச நேரம் தாடையைத் தேய்த்தான்.

"எனக்குக் குடல்வால் எடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. பக்கத்துக் கட்டில்காரர் கதை சொல்லிச் சொல்லி உன் தையல் பிரிஞ்சுடும்னு டாக்டர் அவரை வேற அறைக்கு மாத்தினார்."

"அவ்ளோ சிரிச்சேனே, அப்ப வயித்தக் கிழிச்சது பொய்யா?"

அவள் மடியில் இருந்த தொப்பியை எடுத்தாள்.

"அந்த நர்ஸ் இதையும் சொன்னாங்கக்கா. சிரிக்கறாங்கங்கறதுக்காக நோயே இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க. நோய் இருக்குங்கறதுக்காகச் சிரிப்பப் பொய்யின்னும் சொல்லிடாதீங்கன்னாங்க."

பெரியவள் தொப்பியைக் கையில் சுழற்றினாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"இன்னொண்ணு இருக்கு. மூணு நாளா சுத்தமாத் தூக்கமில்ல. நேத்து மீசை மஞ்சள்னு கூப்பிட்டான். நான் பச்சைன்னேன்."

மீசை என்பது எஞ்சினில் அவளுடைய உதவியாளர். மீசை இல்லாத ஆள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அவன் மறுபடியும் மஞ்சள்னான். அப்பத்தான் பாத்தேன். வேகத்தக் குறைச்சுட்டேன். கண்ணாடி வாங்கிப் போடுக்கான்னு சிரிச்சான். என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லடா. நான் பாக்கவே இல்ல. வாய் தானாச் சொல்லிடுச்சு."

"இன்னைக்கு வண்டி எடுக்கப்போறியா?"

"அம்மா இருபது பேரக் கூட்டிக்கிட்டு வர்றா."

"நான் அதக் கேக்கல."

அவள் அப்போதுதான் முதல் முறையாகக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"இதை வெட்டிடு," என்றாள்.

"பிரிக்கலாம்க்கா. பகல் முழுக்க ஆகும், அவ்ளோதான்."

"பகல் முழுக்க எனக்கு நேரமில்ல. வெட்டு."

வெட்டினான். சிக்கு மொத்தமாக வந்தது. மீதியைக் காதுக்கு மேல் வரை ஒட்ட வெட்டி, பின்கழுத்தை மெஷினால் சரிசெய்தான். அவள் தலையை இருபுறமும் ஆட்டிப் பார்த்தாள்.

"டேய், காத்து வருதுடா!"

சிரித்தாள். நல்ல சிரிப்பு. சிரித்துக்கொண்டிருக்கும்போதே தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சின்னவன் அவள் தோளில் கிடந்த முடியைத் தட்டிவிட்டுக்கொண்டே நின்றான்.

* * *

ஓட்டுநர்கள் வண்டி எடுப்பதற்கு முன்னால் வந்து பதிய வேண்டிய அறை ஒன்று நிலையத்தின் பின்புறம் உண்டு. நீண்ட மேசை. குடித்திருக்கிறார்களா என்று பார்க்க ஊத வேண்டிய குழாய். மேசைக்குப் பின்னால் ஒரு அதிகாரி. எல்லோரும் அவரைக் 'கையெழுத்து' என்றே சொல்வார்கள். அவர் அதிகம் பேசும் சொல் அதுதான்.

பெரியவள் ஊதினாள். குழாய் ஒன்றும் சொல்லவில்லை.

"ஓய்வு எடுத்தாச்சா? உடம்பு, மனசு சரியா?" என்றார் அதிகாரி குனிந்தபடியே. "கையெழுத்து."

"இல்ல சார்."

அவர் பேனாவை அவள் பக்கம் தள்ளினார். "கையெழுத்து."

"இல்லன்னு சொன்னேன் சார்."

அவர் நிமிர்ந்தார். முதலில் முடியைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"எது இல்ல?"

"தூக்கம் இல்ல. மனசும் சரியில்ல. கொஞ்ச மாசமாவே இல்ல."

அறையின் மூலையில் பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த மீசையின் கை நின்றது.

"இன்னைக்கா?" என்றார் அதிகாரி. "பேப்பர்காரங்க வெளிய நிக்கறாங்க."

"தெரியும் சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "தினமும் இதக் கேக்கறேன். கேட்டுக் கேட்டு, இது ஒரு கேள்விங்கறதே எனக்கு மறந்துபோச்சு." எழுந்து அலமாரியைத் திறந்து விதிப்புத்தகத்தைத் தேடினார். "இல்லன்னு சொன்னா அடுத்து என்ன செய்யணும்னு எங்கயோ போட்டிருக்கான். உக்காரு, நிக்காத. என் நாற்காலில உக்காரு."

புத்தகம் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டாலும் அவர் செய்ய வேண்டியதைச் செய்தார். காத்திருப்பில் இருந்த ஓட்டுநரைப் போனில் கூப்பிட்டார். ரயில்வே ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அன்று மத்தியானமே டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்தார்.

"என்னை மறுபடி ஓட்ட விடுவாங்களா சார்?"

"தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லவும் மாட்டேன்." பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "ஆனா நான் கேட்டது ஒருத்தர் காதுல விழுந்து, யோசிச்சுப் பதில் வந்தது இன்னைக்குத்தான். நான் ஓய்வு பெறப்போற அன்னைக்கு மைக்கைக் குடுப்பாங்கல்ல, அப்ப இதைச் சொல்வேன்."

வாசலில் மீசை வழிமறித்தான்.

"அக்கா, நேத்து மஞ்சளுக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது."

"நீ ரெண்டாவது தடவையும் கூப்பிட்டே இல்ல? அது போதும்டா."

"உன் சீட்ல யாரையும் ரொம்ப வசதியா உக்கார விடமாட்டேன்," என்றான் மீசை. சிரிக்கப் பார்த்தான், சரியாக வரவில்லை.

* * *

பிளாட்பாரத்தில் உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் இரண்டு வரிசையில் நின்றார்கள். உயர வாரியாக. அம்மாவின் கழுத்தில் விசில் தொங்கியது. சித்தி ஒருத்திதான் வரிசையில் நிற்க மறுத்து ஒரு பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். அம்மாவிடம் அடி வாங்காமல் எதிர்த்துப் பேசுகிற உரிமை அவளுக்கு மட்டும் உண்டு.

பெரியவளும் சின்னவனும் வருவதைப் பார்த்ததும் அம்மா விசிலை எடுத்து வாயில் வைத்தாள். ஊதவில்லை.

"முடி எங்கடி?"

"சின்னவன் கடையில இருக்கு."

"இதென்ன கோலம்? போட்டோ வர்ற அன்னைக்கு... சரி, அத அப்புறம் பேசிக்கலாம். எஞ்சின் அந்தக் கோடியில இருக்கு. இங்க என்ன பண்றே?"

பெரியவள் அம்மாவைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னாள். நாலைந்து வாக்கியங்கள்தான். அறையில் சொன்னது சுலபமாக இருந்தது. இது சுலபமாக இல்லை.

அம்மா கேட்டுக்கொண்டே வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் கையாட்டினார்கள்.

"நேத்து சிரிச்சியே," என்றாள். "கேக் வெட்டினப்ப அப்படிச் சிரிச்சியே. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்?"

"சிரிச்சேன்மா. நிஜமாத்தான்."

"அப்ப இது?"

"இதுவும் நிஜம்தான்."

"நல்லா வேர்க்க ரெண்டு ரவுண்டு ஓடினா சரியாகிடும்னு..." என்று ஆரம்பித்து அம்மா நிறுத்திக்கொண்டாள். "காலையில கேட்டேனே! பச்சைன்னியே!"

"அவ சொன்னா. நீயும் சொன்னே," என்றான் சின்னவன். "எஞ்சின்ல ரெண்டாவது ஆளு பாத்துட்டுத்தான் சொல்லணும்மா. நம்ம வீட்ல யாரு பாத்தோம்? நான் அவ தலைக்குப் பின்னாடிதான் நின்னேன். எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

அம்மாவுக்குக் கோபம் வந்தது. எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரியவில்லை. விசிலைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"இறுதிப் போட்டி அன்னைக்குக் கால் சுளுக்கிக்கிட்டு, அத மறைச்சு ஆடப் பாக்கற பிள்ளைய நான் என்ன பண்ணுவேன்?" என்றாள் திடீரென்று.

"காதத் திருகி வெளிய உக்கார வைப்பே."

"மறைக்காமக் கையத் தூக்கற பிள்ளைய?"

பெரியவள் பள்ளியில் படித்த காலத்தில் ஒரு முறைகூடக் கையைத் தூக்கியதில்லை.

அம்மா தோள்பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் தானே திருகித் திறந்து மகளிடம் நீட்டினாள்.

"முதல்ல அதுக்குத்தான் தண்ணி குடுப்பேன். குடி."

பெரியவள் குடித்தாள். பாட்டில் பாதியாகும் வரை அம்மா கையைத் தாழ்த்த விடவில்லை. பிறகு வரிசையின் பக்கம் திரும்பினாள். இருபது பேர். அத்தனை பேருக்கும் ஒரு வாரமாக அவள்தான் செய்தி வாசித்திருக்கிறாள்.

"பெரியவளுக்கு ஜுரம்," என்றாள் அம்மா உரக்க. "இன்னைக்கு வேற ஆளு ஓட்டறாங்க. நாம எல்லாரும் ஒண்ணா உக்காந்து போறோம். வண்டியில ஏறு!"

பெரியவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா பார்க்கவில்லை.

* * *

பெட்டியில் ஏறி உட்கார்ந்ததும் சித்தி செய்த முதல் காரியம் பெரியவளின் நெற்றியில் கை வைத்ததுதான்.

"தண்ணிப் பானை மாதிரி ஜில்லுன்னு இருக்கு. இதுவா ஜுரம்?"

"உள் ஜுரம்," என்றாள் அம்மா.

"அதென்னக்கா உள் ஜுரம்? எனக்குத் தெரியாத ஜுரம்?"

"உனக்குத் தெரியாதது நெறைய இருக்கு. ஜன்னல் பக்கம் பாரு."

வண்டி கிளம்பியது. மீசை நீளமாக ஒரு முறை ஹாரன் அடித்தான். அது யாருக்கு என்று பெரியவளுக்குத் தெரிந்தது. கால் தானாகத் தரையை அழுத்தியது. கட்டடங்கள் பின்னால் போயின. வேகம் கூடுகிற விதத்தை வைத்து, புது ஆள் கைப்பிடியை எத்தனை பதமாகத் திருப்புகிறார் என்று அவளால் சொல்ல முடிந்தது. நன்றாகத்தான் ஓட்டினார். அது கொஞ்சம் வலித்தது.

பிறகு சத்தம் மாறியது. பாலம்.

எஞ்சினில் உட்கார்ந்தால் எதிரில் இருப்பது மட்டும்தான் தெரியும்: தண்டவாளம், சிக்னல், அடுத்த சிக்னல். பக்கவாட்டில் பார்க்க நேரம் இருக்காது. ஆற்றை இப்படி அவள் பார்த்ததே இல்லை. மணல் அள்ளும் படகு ஒன்று நடுவில் நின்றது. அதிலிருந்த இரண்டு பேர் ரயிலைப் பார்த்துச் சட்டையைக் கழற்றிச் சுழற்றினார்கள். ஒருவன் சுழற்றிய வேகத்தில் சட்டை கையை விட்டுப் பறந்து ஆற்றில் விழுந்தது. இன்னொருவன் அவனைத் திட்டிக்கொண்டே துடுப்பை எடுத்தான்.

பெரியவள் சிரித்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள். இந்த ரயிலை ஓட்ட வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டாளோ அந்த ஆசை அப்படியே இருந்தது. மூன்று நாள் தூங்காத கனமும் கண்ணில் அப்படியே இருந்தது. அதன் நடுவில் இந்தச் சிரிப்பும் வந்தது. இது எப்படி என்று இந்த முறை அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. சட்டை மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாரு, இப்படிச் சிரிக்கறவளுக்கு நோவாம்!" என்றாள் சித்தி. "உனக்குச் செல்லம் குடுக்கத்தான்க்கா தெரியும்."

அம்மா பதிலுக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எதிர் வரிசையில் மாடி வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். வாயை மூடிக்கொண்டாள்.

* * *

மத்தியானம் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டரின் அறை சின்னதாக இருந்தது. மேசை, மூன்று நாற்காலி, மூலையில் வேலை செய்யாத ஒரு எடை பார்க்கும் கருவி. டாக்டருக்குப் பெரியவளின் வயதுதான் இருக்கும். தூக்கம், பசி, வேலை, நீச்சல் என்று வரிசையாகக் கேட்டார். முதல் கேள்விகளுக்கு அம்மாதான் முந்திக்கொண்டு பதில் சொன்னாள். எல்லாம் தப்பாக இருந்தது. அதன் பிறகு கையைக் கட்டிக்கொண்டாள்.

"கடைசியா எப்ப சந்தோஷமா இருந்தீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"இன்னைக்குக் காலையில," என்றாள் பெரியவள். "பாலத்து மேல."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பாத்தீங்களா டாக்டர்? அப்ப ஒண்ணும் இல்லதானே?"

"அப்படி இல்லம்மா. சந்தோஷம் வருதுங்கறது ரொம்ப நல்ல விஷயம். எனக்கும் உதவியா இருக்கும். அதனால இவங்க தூங்காததும் சாப்பிடாததும் இல்லன்னு ஆகிடாது. நீங்க சிரிப்பப் பாத்தது சரிதான். இன்னொண்ணையும் சேத்துப் பாக்கணும், அவ்ளோதான்." டாக்டர் பெரியவளின் பக்கம் திரும்பினார். "மருந்து இருக்கு. பேசறதுக்கு ஆள் இருக்காங்க. நெறையப் பேரு வேலைக்குத் திரும்பிப் போயிருக்காங்க. உங்க விஷயத்துல எப்ப, எப்படின்னு இப்பவே சொல்ல முடியாது. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேக்கணும். தனியாக் கேக்கணும்."

தான் வெளியே போக வேண்டும் என்று அம்மாவுக்குப் புரிந்தது. என்ன கேள்வி என்று தெளிவாகத் தெரியவில்லை, உயிரைப் பற்றியதாக இருக்குமோ என்று பயந்தாள். தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பதே அதற்குப் போதுமானதாக இருந்தது. எழுந்தபோது நாற்காலி பெரிய சத்தம் போட்டது. மகளின் ஒட்ட வெட்டிய தலையில் ஒரு முறை கையை வைத்தாள். முள் போலக் குத்தியது. வெளியே வந்தாள்.

கதவு தானாக மூடிக்கொண்டது.

தாழ்வாரத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. இதே கட்டடத்தில் எலும்பு டாக்டர் அறைக்கு வெளியே இருந்தவர்கள் கட்டுப்போட்ட கையைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்ததை அம்மா வரும்போது பார்த்திருந்தாள். இங்கே எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சின்னவன் மருந்து வாங்குகிற வரிசையில் முன்கூட்டியே இடம் பிடிக்கப் போயிருந்தான்.

பக்கத்தில் இருந்த பெண்மணி கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

"எங்க பையனுக்காக வந்தேன். வீட்ல யாருக்கும் தெரியாது. பல் டாக்டர்கிட்டப் போறோம்னு சொல்லிட்டு வந்திருக்கோம். நீங்க?"

அம்மா மூடிய கதவைப் பார்த்தாள். உள்ளிருந்து குரல் எதுவும் கேட்கவில்லை. காலையில் எஞ்சினுக்குப் போகிற வழியில் பத்திரிகைக்காரர்கள் நின்றிருந்தார்கள். ஓட்டுநர்கள் பதிகிற அறையில் அதிகாரி பேனாவை நீட்டியிருப்பார். மகள் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். எத்தனை பேர் அப்படித்தான் போட்டிருப்பார்கள். தான் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று அம்மாவுக்கு நன்றாகவே தெரிந்தது.

"நீங்க ஜுரம்னு சொல்லிக்கலாம்," என்றாள் பெண்மணி உதவியாக. "யாரும் ரொம்பக் கேக்க மாட்டாங்க."

"அதக் காலையில சொல்லிட்டேன்," என்றாள் அம்மா. "தப்பாச் சொல்லிட்டேன்."

எழுந்து நின்றாள். மைதானத்தில் பேசுகிற குரலில் சொன்னாள்.

"என் பொண்ணுக்காக வந்திருக்கேன். மனசு சரியில்ல அவளுக்கு. ரயில் ஓட்டறா. இன்னைக்குப் புதுப் பாலத்து மேல முதல் வண்டி அவளோடது. என்னால இன்னைக்கு முடியாதுன்னு அவளே போய்ச் சொல்லிட்டு வந்தா. யாரும் கண்டுபிடிக்கல. அவளாவே சொன்னா."

தரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஏழெட்டுத் தலைகளும் நிமிர்ந்தன. தாழ்வாரத்தின் மறுகோடியில், மருந்து வரிசையில், சின்னவன் திரும்பினான். எலும்பு டாக்டர் பக்கத்திலிருந்து கட்டுப்போட்ட கையோடு ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"உங்க பொண்ணா?" என்றாள் பெண்மணி. கைக்குட்டை மடியில் விழுந்திருந்தது.

"என் பொண்ணுதான்."

அந்தக் குரல் கதவுக்கு உள்ளேயும் நிச்சயம் கேட்டிருக்கும். அம்மா நின்றபடியே காத்திருந்தாள். உள்ளே கேட்ட அந்த ஒரு கேள்விக்கு மகள் என்ன பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது. கதவு இன்னும் திறக்கவில்லை.